பிடுங்கச் சொன்ன வெங்காயத்தாள்

1

இந்த நாட்டில் களை பிடுங்குவதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஏதோ பேருக்கு ஒரு கிறுக்கல் இல்லை, இரண்டு பக்கம் படித்துப் பார்த்துப் போட வேண்டும். ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தாலும், விஷக்கொடி பட்டு உடம்பு தடித்தாலும், பாம்பு கடித்தாலும், மரக்கிளை முறிந்து மண்டையில் விழுந்தாலும், நானோ என் வாரிசுகளோ யார்மீதும் வழக்குப் போடமாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் ஒரு குட்டி மண்வெட்டியும் ஒரு ஜோடி கையுறையும் கொடுத்தார்கள். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் ஓட்ஸில் செய்த கடலைமிட்டாய் மாதிரி ஒன்று தருவார்களாம். களையெடுக்க ஆளே வருவதில்லை என்று பொள்ளாச்சியிலிருந்து என் தம்பி ஃபோனில் புலம்பாத வாரமில்லை. இங்கே சனிக்கிழமை காலையில் களை பிடுங்க முன்பதிவு, அதற்கு ஒரு காத்திருப்போர் பட்டியல். ஒரு விமானம் ஏற்பாடு செய்தால் இரண்டு ஊர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

காத்திருப்போர் பட்டியல் எங்களுக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டைக்கு என் வீட்டுக்காரர் விண்ணப்பித்தபோது என் மகள் பால்பல் விழுந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்றால், சாந்தா கிளாராவில் இவர் ஆஃபீஸில் எங்களுக்கு அப்புறம் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் அட்டை வாங்கி, குடிமகனாகி, ஓட்டுப் போட்டுவிட்டு, ஓட்டுப் போட்டேன் என்ற ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு இவர் எதிரே வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். நாங்கள் நிற்கிறோம். நிற்பதில் எங்களுக்கு நல்ல அனுபவம்.

சரி, களை பிடுங்கும் இடத்துக்கு நான் எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் ஹரிணிக்காகப் போனேன். ஒன்றரை வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கியவள். சான் ரமோனில் வளர்ந்தாள், இப்போது வீட்டிலிருந்து இரண்டு மணி நேர டிரைவில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். வருகிற ஜூனில் அவளுக்கு இருபத்தொன்று. ஊரில் இதைச் சொன்னால், "அப்ப ஜாதகம் எடுக்கறீங்களா?" என்று கேட்கிறார்கள். இங்கே இருபத்தொன்று என்றால் விஷயமே வேறு. அந்த வயது முடிந்தால் பிள்ளை அப்பாவின் விசாவில் தொங்கிக்கொண்டிருக்க முடியாது, வரிசையிலும் அவளுக்கு இடமில்லை. மாணவர் விசா ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கிருந்தே மாற்றக் கேட்டால் ஜூனுக்குள் வராது என்று எங்கள் விசா வக்கீல் சொல்லிவிட்டதால், அதற்குச் சென்னைக்குப் போய், அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலில் நின்று, "படித்து முடித்ததும் என் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவேன்" என்று அந்த அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நம்பாவிட்டால் அவள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். படிப்பு, சிநேகிதிகள், அவள் கட்டில், நாங்கள், எல்லாம் இந்தப் பக்கம் இருக்கும்.

நேர்காணல் ஏப்ரலில். மார்ச்சில் ஒரு வாரம் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். நாங்கள் அமெரிக்காவில் வந்து இறங்கிய நாளும் அந்த வாரத்தில்தான் வரும். வருடாவருடம் அன்றைக்குக் கேசரி கிண்டுவேன். இந்த வருடம் ரவை டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து களை பிடுங்கப் போய்வருகிற ஓடைக்கரைக்குச் சனிக்கிழமை போகிறேன் என்று அவள் சொன்னதும் நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். அவளை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர எனக்கு இஷ்டமில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. உடற்பயிற்சி என்று சொன்னேன்.

2

ஓக்லாந்து பக்கம் ஒரு மலையடிவாரத்து ஓடை. நான்சி என்று எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரையும் வட்டமாக நிறுத்தி, எதிரியை அறிமுகப்படுத்தினார். பார்க்க அப்பாவிச் செடி. பட்டையான பச்சைத் தாள்கள், நடுவில் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நாலைந்து வெள்ளைப் பூக்கள், ஒவ்வோர் இதழிலும் பச்சைப் பேனாவால் இழுத்தது மாதிரி ஒரு கோடு. தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளாது. மூன்று பட்டை. இது இந்த மண்ணின் செடியே இல்லை என்றார் நான்சி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து யாரோ தோட்டத்துக்கு அழகு என்று கொண்டுவந்தார்களாம். அது வேலி தாண்டி வெளியே வந்து, கரை முழுக்கப் பரவி, உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டதாம். வேரோடு எடுக்க வேண்டும், ஒரு குட்டிக் கிழங்கு மண்ணில் தங்கினாலும் அடுத்த வருடம் குடும்பத்தோடு வந்து நிற்கும் என்றார்.

எனக்கு நாக்கு அரித்தது. ஹரிணி பக்கம் சாய்ந்து, "ஏங்கண்ணு, இந்தம்மா செடியைப் பத்தித்தான் பேசறாங்களா?" என்றேன்.

"அம்மா, அந்த ஜோக்கை நான் முதல் வாரமே கிளாஸ்ல சொல்லிட்டேன். யாரும் சிரிக்கல. எல்லாரும் என்கிட்ட ஸாரி கேட்டாங்க," என்றாள்.

அவள் பேசுவதில் பாதிக்குமேல் ஆங்கிலம். உங்களுக்காக நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன். அந்த வாய் மட்டும் அசல் என் வாய், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

குனிந்து முதல் கொத்தைப் பிடுங்கினேன். குப்பென்று வெங்காய வாசம், கூடவே லேசாகப் பூண்டும். இதென்ன, வெங்காயத்தாள். பிஞ்சு, நரம்பில்லாத, காய்கறிக் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் வாடிக்கிடக்கிற மாதிரி இல்லாமல், பனி சொட்டுகிற வெங்காயத்தாள். அதை எல்லோரும் பிடுங்கிப் பிடுங்கிக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பை பையாகக் குப்பைமேட்டுக்குப் போகுமாம். தின்கிற பொருளை இப்படிக் குப்பையில் அள்ளிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான்சியிடம் கேட்டேன். "தாராளமா எடுத்துட்டுப் போங்க, நல்லாவே இருக்கும். ஆனா கிழங்கை மட்டும் இங்கேயே பையில போட்டுடுங்க, அது மண்ணைத் தொடக்கூடாது," என்றார். நான் தலையாட்டினேன். நம் தலையாட்டலில் ஒரு வசதி, அது ஆமாவா இல்லையா என்று இவர்களுக்குக் கடைசிவரை புரியாது.

பிறகு நான்சி ஹரிணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, "இவ எங்க பொண்ணு. இந்த ஓடையில எந்தச் செடி எங்கே இருக்குன்னு என்னைவிட இவளுக்குத்தான் தெரியும். கோடையிலே இவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கப் போறேன், குழுத்தலைவியா," என்று என்னிடம் சொன்னார். ஹரிணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஐஸ்கிரீம் கடையில் கோடை வேலைக்குச் சேர்ந்தபோது, "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாளே, அதே சிரிப்பு. அப்பாவின் விசாவில் இருக்கும் பிள்ளை வேலை பார்க்கக்கூடாது. மாணவர் விசா கிடைத்தாலும் கல்லூரிக்கு வெளியே சம்பளம் வாங்க ஆயிரம் நிபந்தனை.

"யோசிச்சுச் சொல்றேன் நான்சி," என்றாள். நான் குனிந்து நாலு கொத்துச் சேர்த்துப் பிடுங்கினேன், கிழங்கோடு.

3

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு ஃபோட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிடம் அலறிக்கொண்டு கூப்பிட்டான். "அக்கா, அது நரி வெங்காயமாட்ட இருக்குது. ஆடுகூட வாய் வெக்காது. உனக்கென்ன அங்க சோத்துக்கா பஞ்சம்?"

நரி வெங்காயம் இல்லை என்று அவனுக்கு விளக்கியது ஹரிணிதான். இதே மாதிரி இருக்கிற விஷச் செடிகள் இங்கேயும் உண்டாம், அதனால் ஒவ்வொரு தாளையும் கசக்கி மோந்து பார்க்க வேண்டும், வெங்காய வாசம் இல்லாவிட்டால் தூக்கியெறிய வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பத்துத் தாள் கசக்கிய பிறகு எதை மோந்தாலும் வெங்காயம்தான். கையை மோந்தால் வெங்காயம், சோப்பை மோந்தால் வெங்காயம், ஹரிணியின் தலைமுடியை மோந்தாலும் வெங்காயம். "இதுக்குத்தான் மூக்கை மட்டும் நம்பக்கூடாது, தண்டைப் பாரு," என்று பக்கத்தில் உட்கார்ந்து மூன்று பட்டை இருக்கிறதா என்று தடவித் தடவி எடுத்து வைத்தாள். சந்தேகமானதெல்லாம் குப்பைக்குப் போனது. இரண்டு பேரும் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரி ஆய்ந்தோம். அவள் கல்லூரிக்குப் போன பிறகு அப்படி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்கு அந்த மத்தியானம் முடியாமலே இருந்திருக்கலாம்.

மண் போக நாலைந்து தண்ணீர் அலசி, பொடிப்பொடியாக அரிந்து, பாசிப்பருப்பை மலர வேகவைத்துப் பொரியல் பண்ணினேன். கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்துத் தாளைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டினால் போதும், அதற்குமேல் அடுப்பில் விட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். முதல் ஈடு அப்படித்தான் ஆனது, அது குப்பைத்தொட்டிக்கு. இன்னொரு கட்டு அரிசிம்பருப்பு சாதத்தில், சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக. மிச்சத்தை உளுந்தும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தேன். பூவைக் கிள்ளி ஹரிணி தயிரில் தூவினாள், அது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் குமரேசன் வேலை பார்ப்பது சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில். தட்டு முன்னால் உட்கார்ந்து, "நீ மொதல்ல சாப்பிடு சுமதி. அரை மணி நேரம் பார்த்துட்டு நான் சாப்பிடறேன்," என்றார்.

"ஏனுங்க, எனக்கு ஏதாச்சும் ஆனா?"

"அதுக்குத்தான் அரை மணி நேரம்."

ஹரிணி காத்திருக்கவில்லை. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டு இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள். வீட்டுச் சாப்பாடு என்றால் முகத்தைச் சுளிக்கிற பெண், விரலை நக்கினாள். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மாலை எங்கள் பக்கத்து ஊரான டப்ளினிலிருக்கும் சிநேகிதி வசந்திக்கு ஒரு கிண்ணம் துவையல் போனது. "எந்தக் கடைல வாங்கினே? ஆர்கானிக்கா?" என்றாள். குப்பையிலிருந்து எடுத்தது என்று சொன்னேன். சிரித்தாள். பிறகு நம்பினாள். அதற்கப்புறம் ஒரு கிண்ணம் இன்னும் கேட்டாள். இதே தாளை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கம்பெனி விருந்தில் நான் பார்த்திருக்கிறேன். 'காட்டில் சேகரித்தது' என்று மெனுவில் போட்டு, ஓர் உருளைக்கிழங்கின் தலையில் மூன்றே மூன்று தாள் வைத்திருந்தார்கள். இவர் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார்.

நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். அங்கேயும் ஒரு காட்டு வெங்காயம் உண்டாம், ராம்ப்ஸ் என்று பெயர், அகல இலை, வசந்தத்தில் சில வாரம் மட்டும் வரும். ஆனால் அது அந்த மண்ணின் சொந்தச் செடி. அதனால் ஒரு செடியில் ஓர் இலைக்குமேல் கிள்ளக்கூடாது, கிழங்கைத் தொடவே கூடாது, எந்த இடத்தில் வளர்கிறது என்று பெற்ற தாயிடமும் சொல்லக்கூடாதாம். அங்கே இலையைக் கிள்ளினால் பாவம், இங்கே வேரோடு பிடுங்கினால் புண்ணியம். இரண்டும் சாம்பாரில் ஒரே மாதிரிதான் மணக்கும் என்றேன். "அண்ணி, நீங்க இதையெல்லாம் ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்க," என்றாள் நாத்தனார்.

4

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். வெங்காயத்தாள், புதினா, லெமன்கிராஸ், எதை வாங்கினாலும் வேர்ப்பக்கத்தை நறுக்கித் தொட்டியில் செருகிவைப்பது எங்கள் தெரு தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. செருகுகிறோம் என்று யோசித்துச் செருகுவதில்லை, கை தானாகப் போகும். பையோடு வந்த கிழங்குகளைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் மூன்று தொட்டிகளில் ஊன்றி, அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றிவிட்டேன். விடுமுறையின் கடைசி நாள், கறிவேப்பிலை பறிக்கப் போன ஹரிணி, பறிக்காமல் திரும்பி வந்தாள்.

"அம்மா. அதை நட்டியா?"

"சும்மா செருகி வெச்சேன் கண்ணு."

"நான்சி உன்கிட்டச் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீ தலையாட்டினே."

"நான்சி என்ன, நம்ம கொல்லைக்கு வந்து எட்டிப் பார்க்கப் போறாளா?"

அவ்வளவுதான். விறுவிறுவென்று வெளியே போனாள். பழைய போர்வை ஒன்றை விரித்து மூன்று தொட்டியையும் கவிழ்த்தாள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மழைநீர்க் கால்வாய், அது போய் ஓடையில் சேருமாம், இதன் விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போகுமாம். மண்ணைச் சலிக்க வேறெதுவும் கிடைக்காமல் என் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அது ஊரிலிருந்து கொண்டுவந்த சல்லடை.

"மூணு தொட்டிச் செடிக்கு இந்தப் பாடா? யாரு பார்க்கறாங்க ஹரிணி?"

"பார்க்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உனக்குத் தெரியுமா, நான் இதுவரைக்கும் ஒரு தப்புகூடப் பண்ணினதில்ல. ரூம்மேட் எல்லாம் சட்டத்தை மீறிப் பத்தொன்பது வயசுல பீர் குடிச்சாங்க, நான் வாசல்ல உக்காந்திருந்தேன். கேம்பஸ்ல போராட்டம்னா நான் எதிர்ப்பக்கத்து நடைபாதையில போவேன், யாராவது ஃபோட்டோ எடுத்துட்டா? சிவப்பு விளக்குல காலி ரோட்டைக்கூடக் கிராஸ் பண்ணமாட்டேன். அவங்க எல்லாரும் தப்பு பண்ணிட்டு ஸாரி சொல்லலாம். எனக்கு ஸாரி கிடையாதும்மா. ஒரு ஃபைல்ல ஒரு வரி வந்தா நான் காலி."

என் பெண் தங்கமான பெண், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, எல்லாம் வளர்ப்பு என்று இந்த ஊரில் எத்தனை விருந்தில் பீற்றியிருக்கிறேன். வளர்ப்பாவது மண்ணாவது. குழந்தை இத்தனை வருடமும் பயந்துகொண்டு இருந்திருக்கிறது. போர்வையின் மறுமுனையில் உட்கார்ந்தேன். மிளகு அளவுக்குக்கூட ஒரு கிழங்கு தங்காமல் இரண்டு பேரும் பொறுக்கினோம். பொறுக்கியதைப் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"சல்லடையைக் கழுவித் தர்றேன்," என்றாள் கடைசியில்.

"வேண்டாம் கண்ணு, நானே கழுவிக்கிறேன்," என்றேன்.

5

அடுத்த இரண்டு சனி, ஞாயிறுகளும் அவள் வீட்டுக்கு வந்தாள், ஒத்திகைக்காக. காலையில் ஓடைக்கரை, மாலையில் சமையலறை மேஜை. நான் தாள் ஆய்ந்துகொண்டிருப்பேன், கிழங்கில்லாத தாள், ஓடையிலேயே நறுக்கி எடுத்துவந்தது. எதிரே இவர் ஃபுல் கை சட்டை போட்டுக்கொண்டு தூதரக அதிகாரியாக உட்காருவார். வக்கீல் சொல்லிக்கொடுத்த கேள்வி ஒன்றுதான் முக்கியமானது. "நீ ஒன்றரை வயசுலேர்ந்து அமெரிக்காவில் இருக்கே. படிப்பு முடிஞ்சா எதுக்காக இந்தியாவுக்குத் திரும்பி வருவே?"

முதல் நாள், "நீங்க என்னை இருக்க விடலைன்னா வேற எங்க போவேன்?" என்றாள்.

"ரிஜெக்டட்," என்றார் இவர்.

"எங்கப்பா உங்களைவிட நல்லா இங்கிலீஷ் பேசுவார்னு சொல்லட்டுமா?"

"அம்மிணி, வெளையாடாதே. ஒழுங்காச் சொல்லு."

ஒழுங்காகச் சொல்ல அவளுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் எங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. தாய்நாட்டில் பிடிமானம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம், பத்திர நகலை வக்கீல் வாங்கி வைத்துக்கொண்டார். பிடிமானம்தான். அதில் ஒரு பல் டாக்டர் குடியிருக்கிறார். எங்களில் ஒருவரும் அங்கே ஒரு நாள் படுத்து எழுந்ததில்லை.

"என் ரூம்ல எந்தப் பக்கம் வெயில் வரும்?" என்று கேட்டாள் ஹரிணி. "கேட்டாங்கன்னா?"

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். வாங்கியவர்களுக்கே தெரியவில்லை. தம்பியை அனுப்பி வீடியோ எடுக்கச் சொன்னோம். பால்கனியில் பல் டாக்டரின் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. காலை வெயில் சமையலறையில் விழுகிறது என்று தெரிந்துகொண்டோம். முக்கில் ஒரு பேக்கரி, எதிரே ஒரு பள்ளிக்கூடம், காந்திபுரம் போகப் பஸ் வசதி உண்டு. ஹரிணி எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். பேக்கரியில் என்ன வாங்குவாள் என்றுகூடக் கேட்டாள். தேங்காய் பன் என்று சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியே பழக்கப்பட்ட பெண்.

இதில் எனக்கு மட்டும் தனியாக ஒரு வேதனை இருந்தது. இந்த ஊரில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி உண்டு. அங்கே அவள் சின்ன வயதில் 'என் ஊர்' என்று கட்டுரை எழுதியபோது, சான் ரமோன், மலை, வான்கோழி, பக்கத்து வீட்டு நாய் என்று எழுதிக்கொண்டு வந்தாள். கிழித்துப் போட்டுவிட்டு, கோயம்புத்தூர், சிறுவாணித் தண்ணீர், மருதமலை என்று நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். எழுதிவிட்டு, "ஆனா இது உன்னோட ஊர்," என்றாள். அதற்கப்புறம் பத்து வருடம் அதே சண்டை. யாராவது கேட்டால் கோயம்புத்தூர் என்று சொல் என்பேன், மாட்டாள். எனக்கு அது தீராத குறை.

ஃபிளைட் ஏறுவதற்கு முந்தின மாலை கடைசி ஒத்திகை. இவர் கேள்வியைக் கேட்டார். ஹரிணி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, தடுமாறாமல் சொன்னாள். "என் வீடு கோயம்புத்தூர்ல இருக்கு. என் மாமா, என் சொந்தக்காரங்க எல்லாரும் அங்கதான். அங்க ஆறு, குளம் எல்லாம் கெட்டுப்போயிட்டிருக்கு. நான் படிக்கிறதே அதுக்காகத்தான். நான் வீட்டுக்குப் போகணும்." குரல்கூட சரியான இடத்தில் தாழ்ந்தது. நான் பத்து வருடம் கெஞ்சியும் மிரட்டியும் வராத வார்த்தை, கேட்ட மாதிரியே வந்துவிட்டது.

"அப்ரூவ்ட்," என்றார் இவர். சொல்லிவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் அரிந்த தாளையே திரும்பவும் அரிந்துகொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பதில் வேண்டவே வேண்டாம் என்று இருந்தது.

6

அவள் போன பிறகு வந்த சனிக்கிழமை, வீட்டில் உட்காரப் பிடிக்காமல் நான் தனியாக ஓடைக்கரைக்குப் போனேன். இரண்டு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். செடிகள் பூ உதிர்ந்து மஞ்சளாகிச் சாய்ந்துகிடந்தன, சமையலுக்கு இனி ஆகாது. நான்சி என் பின்னால் யாரையோ தேடினார்.

"ஹரிணி எங்கே?"

"இந்தியாவுக்குப் போயிருக்கா."

"அட, நல்லதாச்சு. சொந்தக்காரங்களைப் பார்க்கவா?"

"விசா வாங்க."

"எந்த நாட்டுக்கு?"

"அமெரிக்காவுக்கு."

நான்சி கையுறையைக் கழற்றினார். நான் ஆங்கிலத்தில் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, மெதுவாக, காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரி கேட்டார். "ஆனா, அவ இங்கேதானே இருக்கா?"

"ஆமாம்."

"அவ இந்த ஊர்க்காரி."

"அதை மட்டும் அங்கே சொல்லிடக்கூடாதுன்னுதான் வீட்ல உக்காத்திப் பழக்கிவிட்டிருக்கோம்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஏழு கடல் ஏழு மலை தாண்டிய கதையைப் பொறுமையாக விளக்கினேன். வரிசை, ஜூன் மாதம், அப்பா விசா, நேர்காணல். கோடை வேலைக்கு அவளால் வரமுடியாது என்பதையும் நானே சொல்லிவிட்டேன், அவள் வாயால் சொல்ல வேண்டாம் என்று. நான்சி மண்வெட்டியைக் கீழே வைத்தார். யாரிடமாவது முறையிடலாமா, தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதட்டுமா என்றார். எழுதுங்கள் என்றேன். அவர்களும் ஒரு பட்டியலில் போட்டுவைப்பார்கள் என்று சொல்ல வந்து, அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். எல்லோரிடமும் காட்டுகிற வாயை இவரிடம் காட்டத் தோன்றவில்லை.

நேர்காணல் சென்னையில் திங்கட்கிழமை காலை, எங்களுக்கு ஞாயிறு இரவுச் சாப்பாட்டு நேரம். இவர் ஃபோனை மேஜை நடுவில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோசை ஊற்றினேன், இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மணி அடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கப்போய் ஃபோன் கீழே விழுந்தது.

"கிடைச்சிருச்சு," என்றாள் ஹரிணி. பின்னால் ஆட்டோ சத்தம்.

இவர் கைகூப்பினார், யாரைப் பார்த்தென்று தெரியவில்லை. நான்தான் பேசினேன். "என்ன கண்ணு கேட்டாங்க? பேக்கரி கேட்டாங்களா?"

"இல்லம்மா. அந்த ஒரே கேள்விதான். அங்கேயே வளர்ந்துட்டு எதுக்குத் திரும்பி வருவேன்னு."

"தடுமாறாம சொன்னியா?"

"நல்லாத்தான் ஆரம்பிச்சேன். கோயம்புத்தூர், மாமா, ஆறு, குளம் எல்லாம் சொன்னேன். கடைசில, 'நான் வீட்டுக்குப் போகணும்'னு சொல்றப்ப உங்க ரெண்டு பேர் ஞாபகம் வந்துருச்சு. அவர் முன்னாடியே அழுதுட்டேன்."

"ஐயோ, அப்புறம்?"

"டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். ஊர் மேல இவ்வளவு பாசமான்னு கேட்டார். அதைப் பார்த்துத்தாம்மா நம்பினார்," என்றாள்.